அலுவலக நெட்வொர்க்குக்குள் ஒரு வலைச் செயலி: டாக்கர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி, நூலகம், தணிக்கையாளர் அலுவலகம், சிறிய மருத்துவமனை என்று சில கம்ப்யூட்டர்கள் ஒரே ரவுட்டரில் இணைந்திருக்கும் இடங்களில் வலைச் செயலிகளை டாக்கர் மூலம் (செயலிகளைக் கன்டெய்னர் என்ற தனித்தனி அடைப்புகளில் ஓடவிடும் கருவி) நிறுவித் தருவது என் வேலை. அதன் பிறகு வரும் தொலைபேசி அழைப்புகள் ஏறக்குறைய ஒரே வரிசையில் வருகின்றன. முதல் வாரத்தில் "பக்கத்து அறையில் திறக்கவில்லை", சில மாதம் கழித்து "டிஸ்க் நிறைந்துவிட்டது". கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன்.

எல்லாப் பதில்களுக்கும் ஒரே எடுத்துக்காட்டுதான்: நூல் கடன் கொடுக்கும் ஒரு நூலகச் செயலி, அதன் பின்னால் போஸ்ட்கிரஸ் தரவுத்தளம், இரண்டும் உபுண்டு 24.04 (லினக்ஸின் ஒரு வகை) சர்வர் ஒன்றில், அதன் முகவரி 192.168.1.50. கட்டளைகளை உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறேன். திரையில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் அடிக்க வேண்டும்.

கன்டெய்னர் என்பது விர்ச்சுவல் மெஷின்தானே? பெயர் மட்டும்தானே புதிது?

இல்லை. விர்ச்சுவல் மெஷினுக்குள் ஒரு முழு இயங்குதளம் தனியாகத் தொடங்கி ஓடும். அதற்கென்று நினைவகம் ஒதுக்க வேண்டும். கன்டெய்னரோ சர்வரின் லினக்ஸ் கெர்னலிலேயே (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஓடும் சாதாரண நிரல்தான். மற்ற நிரல்கள் அதன் கண்ணில் படாதபடி கெர்னல் மறைத்துவிடுகிறது. தனக்கென்று தனிக் கோப்புகளும் தனி நெட்வொர்க்கும் இருப்பதாக அது நம்பிக்கொண்டிருக்கும். இந்த ஏற்பாடு லினக்ஸில் முன்பே இருந்தது. 2013-இல் வெளிவந்த டாக்கர் அதைச் சாதாரணமானவர்களும் கையாளும்படி செய்தது.

செயலியும் அதற்குத் தேவையான துணை நிரல்களும் ஒரே கட்டாக இருப்பது இமேஜ். அந்த இமேஜை ஓடவிட்டால் கன்டெய்னர். கன்டெய்னரை எப்போது வேண்டுமானாலும் அழித்துவிட்டு அதே இமேஜிலிருந்து இன்னொன்றை உருவாக்கலாம். இதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தரவு பற்றிய கேள்வி வரும்போது இதுதான் அடிப்படை.

இன்டர்நெட்டில் மாத வாடகைக்கு சர்வர் கிடைக்கிறதே, அலுவலகத்துக்குள் ஏன் வைக்க வேண்டும்?

எல்லோருக்கும் வேண்டியதில்லை. ஊழியர்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து வேலை செய்தால் வாடகை சர்வர்தான் நல்லது. ஆனால் செயலியைப் பயன்படுத்துவோர் எல்லோரும் ஒரே கட்டடத்தில் இருந்து, இன்டர்நெட் இணைப்பு அடிக்கடி அறுந்தால், உள்ளே வைப்பதில் பொருள் இருக்கிறது. இணைப்பு போனாலும் நூல் கடன் கொடுக்கும் மேசையில் வேலை நிற்காது. நோயாளிகளின் விவரங்கள் கட்டடத்தைவிட்டு வெளியே போவதில்லை. அதற்கு ஈடாக மின்சாரம், டிஸ்க், பேக்கப் எல்லாம் உங்கள் பொறுப்பு.

பழைய கம்ப்யூட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. அது போதுமா?

பெரும்பாலும் போதும். 8 ஜிபி நினைவகமும் ஓர் எஸ்எஸ்டியும் இருந்தால் இருபது பேர் பயன்படுத்தும் நூலகச் செயலிக்குத் தாராளம். பழைய சுழலும் டிஸ்க்கை மட்டும் மாற்றிவிடுங்கள். தரவுத்தளம் தடுமாறுவது அங்கேதான்.

கம்ப்யூட்டரின் வேகத்தைவிட வேறு மூன்று விஷயங்கள் முக்கியம். சர்வரை வைஃபையில் விடாமல் கேபிளில் இணையுங்கள். யுபிஎஸ் வையுங்கள், ரவுட்டருக்கும் சேர்த்து. பயாஸ் அமைப்பில், மின்சாரம் திரும்பி வந்ததும் தானாகத் தொடங்கும்படி ஒரு தேர்வு இருக்கும், அதை இயக்கிவிடுங்கள். இல்லையென்றால் திங்கட்கிழமை காலையில் யாராவது போய்ப் பொத்தானை அழுத்தும்வரை சர்வர் தூங்கிக்கொண்டிருக்கும். பழைய லேப்டாப்பை சர்வராக்கினால் அதன் பேட்டரியே யுபிஎஸ் ஆகிவிடும், ஆனால் மூடியை மூடினால் உறங்கும் வழக்கத்தை முதலில் நிறுத்துங்கள்.

விண்டோஸிலேயே ஓட்டலாமா? லினக்ஸ் யாருக்கும் தெரியாது.

சோதனைக்கு ஓட்டலாம். விண்டோஸில் டாக்கர் டெஸ்க்டாப் என்ற நிரல் உள்ளே ஒரு லினக்ஸை ஓடவிட்டு அதன்மேல் கன்டெய்னர்களை இயக்குகிறது. ஒருவர் உள்நுழைந்தால்தான் அது தொடங்கும் என்பது வழக்கமான அமைப்பு. நள்ளிரவில் விண்டோஸ் அப்டேட் முடிந்து கம்ப்யூட்டர் மறுதொடக்கம் ஆனால் செயலி காலையில் இருக்காது. உரிமத்தையும் பாருங்கள்: 250 ஊழியர்களுக்குக் குறைவாகவும் ஆண்டு வருமானம் 1 கோடி டாலருக்குக் குறைவாகவும் உள்ள நிறுவனங்களுக்குத்தான் டாக்கர் டெஸ்க்டாப் இலவசம், அரசு அலுவலகங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. லினக்ஸில் ஓடும் டாக்கர் எஞ்சினுக்கு அந்தச் சிக்கலே இல்லை.

நிலையாக ஓட வேண்டிய சர்வருக்கு உபுண்டுவைத்தான் சொல்வேன். அன்றாட வேலைக்கு ஐந்தாறு கட்டளைகள் தெரிந்தால் போதும்.

உபுண்டுவில் டாக்கரை நிறுவ நாலைந்து வழிகள் சொல்கிறார்கள். எது சரி?

டாக்கர் நிறுவனத்தின் அதிகாரபூர்வத் தொகுப்புக் களஞ்சியத்தைச் சேர்த்து அங்கிருந்து நிறுவுவது நல்லது. உபுண்டுவின் சொந்தத் தொகுப்பும் குற்றமில்லை. உபுண்டு சர்வரை நிறுவும்போதே "டாக்கர் வேண்டுமா" என்று கேட்டு ஸ்னாப் என்ற தனித் தொகுப்பு வடிவில் ஒன்றைத் தரும். அதை மட்டும் தவிருங்கள். சர்வரின் எல்லாக் கோப்புறைகளையும் அதனால் எட்ட முடியாது, பிறகு காரணம் புரியாத கோப்புப் பிழைகள் வரும்.

பல கன்டெய்னர்களை ஒரே கோப்பில் எழுதி ஒன்றாக இயக்கும் கருவி கம்போஸ். பழைய வழிகாட்டிகளில் டாக்கருக்கும் கம்போஸுக்கும் நடுவில் சிறுகோடு இருக்கும். அந்த முதல் பதிப்பு 2023-இல் கைவிடப்பட்டது. இப்போது சிறுகோடு இல்லாமல் இடைவெளி விட்டு, டாக்கர் கம்போஸ் என்று எழுத வேண்டும். இன்னொன்று: சூடோ (நிர்வாகி அதிகாரம் கேட்கும் முன்சொல்) இல்லாமல் கட்டளை கொடுக்கலாம் என்று ஊழியர்கள் எல்லோரையும் டாக்கர் குழுவில் சேர்த்துவிடாதீர்கள். அந்தக் குழுவில் இருப்பவர் நினைத்தால் சர்வரின் முழு அதிகாரத்தையும் கையில் எடுத்துக்கொள்ள முடியும்.

கம்போஸ் கோப்பில் குறைந்தபட்சம் என்ன இருக்க வேண்டும்?

இரண்டு சர்வீஸ்கள். முதலாவது செயலி: எந்த இமேஜ், எந்தப் பதிப்பு, எந்த போர்ட் (கோரிக்கைகள் நுழையும் கதவு எண்) வெளியே தெரிய வேண்டும், தரவுத்தளத்தின் பெயர் என்ன. இரண்டாவது தரவுத்தளம்: இமேஜ், பதிப்பு, கடவுச்சொல், கன்டெய்னருக்கு வெளியே தரவைச் சேமிக்கும் வால்யூம். இரண்டுக்கும் மறுதொடக்க விதி ஒரு வரி. நூலகச் செயலிக்கு இவ்வளவுதான், இருபது இருபத்தைந்து வரிகளில் முடிந்துவிடும்.

கடவுச்சொற்களை இந்தக் கோப்பில் எழுதாமல், பக்கத்திலேயே புள்ளியில் தொடங்கும் பெயருடைய 'என்வ்' கோப்பில் வையுங்கள். கம்போஸ் கோப்பை நாலு பேருக்கு அனுப்புவீர்கள். கடவுச்சொல்லும் கூடவே போகக் கூடாது. உள்தள்ளலுக்கு டாப் விசை கூடாது, இடைவெளி மட்டும்தான். முதல் வரியில் 'வெர்ஷன்' என்று எண் கொடுக்கும் பழக்கம் இப்போது தேவையில்லை. கொடுத்தால் ஓர் எச்சரிக்கை வரும், அவ்வளவுதான்.

8080:80 என்று எழுதச் சொல்கிறார்கள். எது உள்ளே, எது வெளியே?

இடது பக்கம் சர்வர், வலது பக்கம் கன்டெய்னர். சர்வரின் 8080-க்கு வரும் கோரிக்கை, கன்டெய்னரின் 80-க்குப் போகிறது. வலது எண் செயலியை எழுதியவர் முடிவு செய்தது. அதை உங்கள் விருப்பத்துக்கு மாற்ற முடியாது. இடது எண்ணை மாற்றலாம், வேறு எதுவும் அதே போர்ட்டைப் பிடித்திருக்காத வரை.

சர்வரில் உட்கார்ந்து பார்த்தால் செயலி திறக்கிறது. பக்கத்து அறையில் திறக்கவில்லை. ஏன் சார்?

மிக அதிகமாக வரும் கேள்வி இது. பதில் சொல்வதற்கு முன் நான் கேட்பது, "பக்கத்து அறையில் முகவரிப் பட்டையில் என்ன அடித்தீர்கள்?" பாதிப் பேர் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்திருப்பார்கள். லோக்கல்ஹோஸ்ட் என்பது 'நான்' என்ற சொல்லைப் போல. சொல்பவரைப் பொறுத்து ஆள் மாறும். பக்கத்து அறைக் கம்ப்யூட்டரில் அது அந்தக் கம்ப்யூட்டரையே குறிக்கும். அங்கே 192.168.1.50:8080 என்றுதான் அடிக்க வேண்டும், முன்னால் எச்டிடிபி சேர்த்து. சேர்க்காவிட்டால் சில பிரவுசர்கள் தாமாகவே எச்டிடிபிஎஸ் போட்டுப் பார்த்துவிட்டுப் பிழை காட்டும்.

முகவரி சரியாக இருந்தும் திறக்கவில்லை என்றால் மூன்று இடங்களில் நின்று பாருங்கள். முதலில் சர்வரில் 'டாக்கர் கம்போஸ் பிஎஸ்' கொடுத்து போர்ட் வரியைப் படியுங்கள். 0.0.0.0:8080 என்றிருந்தால் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, 127.0.0.1:8080 என்றிருந்தால் சர்வருக்கு மட்டும். அடுத்து, சர்வரிலேயே 192.168.1.50:8080-ஐத் திறந்து பாருங்கள். கடைசியாகப் பக்கத்து அறையிலிருந்து சர்வருக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுங்கள். சர்வரில் திறந்து, பிங் மட்டும் போகவில்லை என்றால் பழி டாக்கர்மேல் இல்லை. ரவுட்டரில் விருந்தினர் வைஃபை அல்லது தனிமைப்படுத்தும் அமைப்பு இருக்கும். ஒரே வைஃபையில் இருந்தாலும் ஒரு கருவி மற்றொன்றைப் பார்க்க அது விடாது. கைப்பேசியில் மட்டும் திறக்கவில்லை என்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

சர்வரிலேயே திறக்காமல் 'இணைப்பு மீட்டமைக்கப்பட்டது' என்ற பிழை வந்தால், செயலி கன்டெய்னருக்குள் 127.0.0.1-இல் மட்டும் காதுகொடுத்துக் கேட்கிறது என்று பொருள். தங்கள் லேப்டாப்பில் எழுதிய செயலியை அப்படியே இமேஜாக்கும் மாணவர்களுக்கு இது தவறாமல் நடக்கும். செயலியின் அமைப்பில் 0.0.0.0 என்று மாற்றி இமேஜை மறுபடி உருவாக்குங்கள்.

செயலியால் தரவுத்தளத்தோடு இணைய முடியவில்லை. இரண்டும் ஒரே சர்வரில்தானே இருக்கின்றன? லோக்கல்ஹோஸ்ட் என்றுதான் கொடுத்தேன்.

மேலே சொன்னதேதான், இடம் மட்டும் வேறு. செயலி தன் கன்டெய்னருக்குள் நின்று லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னரைத்தான் குறிக்கும். தரவுத்தளம் இருப்பது வேறு கன்டெய்னரில். கம்போஸ் கோப்பில் தரவுத்தள சர்வீஸுக்கு என்ன பெயர் வைத்தீர்களோ அதைக் கொடுங்கள், போர்ட் 5432. கம்போஸ் உருவாக்கும் நெட்வொர்க்கில் சர்வீஸ் பெயரே முகவரியாக வேலை செய்யும். கன்டெய்னரின் 172-இல் தொடங்கும் முகவரியைத் தேடிக் கண்டுபிடித்து எழுதாதீர்கள். அடுத்த முறை அது மாறிவிடும்.

தரவுத்தளத்துக்குப் 'போர்ட்ஸ்' வரியே வேண்டாம். செயலிக்கு அது இல்லாமலேயே தரவுத்தளம் தெரியும். வரியைப் போட்டால் அலுவலகத்தில் இருக்கும் எந்தக் கம்ப்யூட்டரும் தரவுத்தளத்தின் கதவைத் தட்டலாம்.

தரவுத்தளக் கடவுச்சொல்லை 'என்வ்' கோப்பில் மாற்றினேன். இப்போது பழையதுதான் ஏற்கிறது, புதியது ஏற்கவில்லை.

போஸ்ட்கிரஸ் இமேஜ் அந்தக் கடவுச்சொல் மாறியைப் படிப்பது வால்யூம் காலியாக இருக்கும் முதல் முறை மட்டும்தான். பிறகு கோப்பில் என்ன எழுதினாலும் பொருட்படுத்தாது. தரவுத்தளத்துக்குள் நுழைந்து பயனரின் கடவுச்சொல்லை அங்கே மாற்றுங்கள். அதன்பின் 'என்வ்' கோப்பிலும் அதையே எழுதுங்கள். வால்யூமை அழித்தால் சரியாகிவிடும் என்று சிலர் அறிவுரை சொல்வார்கள். சரியாகிவிடும்தான், உங்கள் தரவும் கூடவே போய்விடும்.

நேற்றுவரை திறந்தது, இன்று திறக்கவில்லை. யாரும் எதையும் தொடவில்லை.

ரவுட்டர் தொட்டிருக்கும். கருவிகளுக்கு முகவரி கொடுப்பது ரவுட்டர். அது மறுதொடக்கம் ஆனபின் 192.168.1.50 வேறொரு பிரிண்டருக்குப் போயிருக்கலாம். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் முகவரி ஒதுக்கீடு என்ற பகுதியில், சர்வரின் நெட்வொர்க் கார்டு எண்ணைக் கொடுத்து 192.168.1.50 இதற்கு மட்டும் என்று பதிந்துவிடுங்கள். சர்வரிலேயே நிலையான முகவரி கொடுப்பது இன்னொரு வழி. அப்போது ரவுட்டர் பகிரும் வரம்புக்கு வெளியே உள்ள எண்ணாக இருக்க வேண்டும்.

எண்களை யாராலும் நினைவில் வைக்க முடியவில்லை. ஒரு பெயர் வைக்க முடியாதா?

முடியும். ரவுட்டரில் உள்ளூர்ப் பெயர் பதியும் வசதி இருந்தால் அங்கே ஒரு வரி சேர்த்தால் போதும். இல்லாவிட்டால் ஒவ்வொரு கம்ப்யூட்டரின் ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் (பெயருக்கு எதிரே முகவரி எழுதி வைக்கும் கோப்பு) எழுதலாம்; ஐந்து கம்ப்யூட்டருக்கு அது எளிது, ஐம்பதுக்குத் தண்டனை. பெயரின் பின்னொட்டுக்கு இன்டர்நெட்டில் இருக்கும் எதையும் கடன் வாங்காதீர்கள். உள் நெட்வொர்க்குகளுக்கென்றே 'இன்டர்னல்' என்ற பின்னொட்டை 2024-இல் இன்டர்நெட் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு ஒதுக்கி வைத்துவிட்டது. 'லோக்கல்' என்பது கருவிகள் ஒன்றையொன்று தாமாகத் தேடிக்கொள்ளும் வேறொரு முறைக்கு உரியது. அதை ரவுட்டரில் பதிந்தால் சில கருவிகளில் வேலை செய்யும், சிலவற்றில் செய்யாது.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரு ஆண்ட்ராய்டு கைப்பேசியில் மட்டும் பெயர் வேலை செய்யவில்லை என்றால், அதன் அமைப்பில் 'பிரைவேட் டிஎன்எஸ்' (டிஎன்எஸ் என்பது பெயருக்குரிய முகவரியைத் தேடித் தரும் ஏற்பாடு) இயங்குகிறதா பாருங்கள். அது ரவுட்டரைக் கேட்காமல் வெளியே உள்ள சர்வரைக் கேட்கும். வெளியே உங்கள் பெயரை யாருக்கும் தெரியாது.

கரண்ட் போய் வந்தால் தானாக ஓடுமா?

மறுதொடக்க விதியில் 'அன்லெஸ் ஸ்டாப்டு' என்று எழுதியிருந்தால் ஓடும். 'ஆல்வேஸ்' என்பதற்கும் இதற்கும் ஒரே வேறுபாடு: நீங்களே நிறுத்தி வைத்த கன்டெய்னரையும் 'ஆல்வேஸ்' சர்வர் தொடங்கும்போது கிளப்பிவிடும். பராமரிப்புக்காக நிறுத்தியது உங்களைக் கேட்காமல் எழுந்து நிற்பதை யாரும் விரும்புவதில்லை.

இதில் நுணுக்கமான ஒரு சிக்கல் உண்டு. தரவுத்தளம் தயாரான பிறகுதான் செயலி தொடங்க வேண்டும் என்று கம்போஸ் கோப்பில் நிபந்தனை எழுதலாம். வெறும் 'டிபென்ட்ஸ் ஆன்' வரியோடு நிற்காமல், உடல்நலச் சோதனையும் எழுதினால்தான் 'தயார்' என்பதற்குப் பொருள் வரும். ஆனால் அந்த நிபந்தனை, நீங்கள் கம்போஸ் கட்டளை கொடுக்கும்போது மட்டும்தான் செல்லும். சர்வர் மறுதொடக்கம் ஆகும்போது கன்டெய்னர்களைக் கிளப்புவது டாக்கர் எஞ்சின். அதற்கு உங்கள் வரிசை தெரியாது. எனவே தரவுத்தளம் கிடைக்காவிட்டால் சிறிது பொறுத்து மறுபடி முயலும் குணம் செயலிக்கே இருக்க வேண்டும். இல்லாத செயலி பிழையோடு வெளியேறும், மறுதொடக்க விதி அதை மறுபடி எழுப்பும், இரண்டொரு சுற்றில் நிலைக்கு வரும். நூலகத்துக்கு அது போதும்.

கன்டெய்னரை அழித்துவிட்டேன். தரவு போய்விட்டதா?

வால்யூமில் இருந்தால் போகவில்லை. முதல் பதிலில் சொன்னபடி கன்டெய்னர் அழியக்கூடியது; அதற்குள் எழுதப்பட்டதெல்லாம் அதோடு போகும். வால்யூம் அதற்கு வெளியே சர்வரின் டிஸ்க்கில் இருக்கிறது. 'டாக்கர் கம்போஸ் டவுன்' கன்டெய்னர்களையும் கம்போஸ் உருவாக்கிய நெட்வொர்க்கையும் மட்டும் அழிக்கும். அதே கட்டளையின் முடிவில் சிறுகோடும் 'வி' எழுத்தும் சேர்த்தால் வால்யூம்களும் போய்விடும். அந்த ஒரு எழுத்தை யாரோ எழுதிய குறிப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டியவர்கள் உண்டு. கட்டளையை ஒட்டும்முன் கடைசி எழுத்துவரை படியுங்கள்.

தரவுத்தளத்தை மட்டும் வால்யூமில் வைத்துவிட்டு, செயலியில் பதிவேற்றும் புகைப்படங்களை மறந்துவிடுவதும் வழக்கம். உறுப்பினர் படங்கள் எந்தக் கோப்புறையில் சேர்கின்றன என்று செயலியின் ஆவணத்தில் பார்த்து அதற்கும் ஒரு வால்யூம் கொடுங்கள்.

வால்யூம் கோப்புறையை அப்படியே பென் டிரைவில் நகலெடுத்தால் பேக்கப் ஆகுமா?

தரவுத்தளம் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த நகலை நம்ப முடியாது. ஒரு கோப்பு நகலாகும்போது இன்னொன்று மாறிக்கொண்டிருக்கும். கன்டெய்னரை நிறுத்திவிட்டு எடுத்தால் சரி. அதைவிட நல்ல வழி 'பிஜி டம்ப்': செயலி ஓடிக்கொண்டிருக்கும்போதே தரவுத்தளத்தின் ஒரு நொடியின் முழு நிலையை ஒரே கோப்பாக எழுதித் தரும். இரவில் அதைத் தானாக இயக்க, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரான் பட்டியலில் ஒரு வரி போதும். 'டாக்கர் கம்போஸ் எக்ஸெக்' வழியாக இயக்கினால், கிரானில் திரை இல்லாததால் பெரிய 'டி' (T) எழுத்துத் தேர்வையும் சேர்த்துவிடுங்கள்.

காலையில் கோப்பின் அளவைப் பாருங்கள். 0 பைட் பேக்கப்புகளை மாதக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த இடங்கள் உண்டு. மாதத்துக்கு ஒரு முறை வேறொரு கம்ப்யூட்டரில் அதை மீட்டெடுத்து, செயலியைத் திறந்து, கடைசியாகக் கடன் கொடுத்த நூல் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நகலாவது அந்தக் கட்டடத்துக்கு வெளியே இருக்கட்டும்.

புதிய பதிப்பு வந்தால் எப்படி மாற்றுவது? 'லேட்டஸ்ட்' என்று எழுதினால் தானாக மாறாதா?

தானாக மாறாது. 'லேட்டஸ்ட்' என்பது ஓர் ஒட்டுப்பெயர் மட்டுமே. ஏற்கெனவே இறக்கிய இமேஜ் சர்வரில் இருந்தால் அதுவே ஓடும். ஆறு மாதம் கழித்து யாரோ இமேஜைப் புதிதாக இறக்கும் 'புல்' கட்டளை கொடுக்கும் அன்றுதான் திடீரென்று பெரிய மாற்றம் வந்து இறங்கும். எனவே பதிப்பு எண்ணை எழுதுங்கள். மாற்றும் நாளில் பேக்கப் எடுத்து, எண்ணை மாற்றி, 'டாக்கர் கம்போஸ் புல்', பிறகு 'டாக்கர் கம்போஸ் அப்', சிறுகோடு சிறிய 'டி' (d). செயலிப் பதிப்பில் கோளாறு என்றால் பழைய எண்ணுக்குத் திரும்பலாம். ஆனால் புதிய பதிப்பு தரவுத்தள அட்டவணைகளை மாற்றியிருந்தால் பேக்கப்பையும் சேர்த்துத்தான் திருப்ப வேண்டும்.

போஸ்ட்கிரஸுக்குத் தனி எச்சரிக்கை. 16.3-இலிருந்து 16.4-க்கு எண்ணை மாற்றினால் போதும். 16-இலிருந்து 17-க்கு அப்படி மாற்றினால் பழைய கோப்புகளைப் படிக்க முடியாது என்று சொல்லி நின்றுவிடும். பழையதில் 'பிஜி டம்ப்' எடுத்து, புதிய வால்யூமோடு புதிய பதிப்பைத் தொடங்கி, அதில் மீட்டெடுக்க வேண்டும். 18-ஆம் பதிப்பு இமேஜில் வால்யூம் இணைக்க வேண்டிய கோப்புறையும் மாறியிருக்கிறது; பழைய கம்போஸ் கோப்பை அப்படியே பயன்படுத்தாதீர்கள்.

சர்வர் இருக்கும் அறையில் இன்டர்நெட்டே இல்லை. இமேஜை எப்படிக் கொண்டுபோவது?

இன்டர்நெட் உள்ள கம்ப்யூட்டரில் இமேஜை இறக்கி, 'டாக்கர் சேவ்' கட்டளையால் ஒரே கோப்பாக்கி, பென் டிரைவில் எடுத்துச் சென்று 'டாக்கர் லோட்' கொடுங்கள். இறக்கும் கம்ப்யூட்டரும் ஓடும் கம்ப்யூட்டரும் ஒரே வகைச் சிப்பாக இருக்க வேண்டும். புதிய ஆப்பிள் மேக்கில் இறக்கியதை இன்டெல் சர்வரில் ஏற்றினாலோ, இன்டெல்லில் இறக்கியதை ராஸ்பெரி பையில் ஏற்றினாலோ 'எக்ஸெக் ஃபார்மட் எரர்' வரும். இறக்கும்போதே 'பிளாட்ஃபார்ம்' தேர்வைக் கொடுத்தால் தீர்ந்தது.

கல்லூரி ஆய்வகங்களுக்கும் இந்த வழி உதவும். ஒரு வகுப்பே சேர்ந்து இறக்கினால், எல்லோரும் ஒரே வெளி முகவரியில் தெரிவதால், உள்நுழையாமல் இறக்குவோருக்கு இமேஜ்களின் பொதுக் களஞ்சியமான டாக்கர் ஹப் வைத்திருக்கும் உச்சவரம்பு சட்டென்று முடிந்துவிடும்.

கைப்பேசி கேமராவில் பார்கோடு ஸ்கேன் செய்யும் வசதி செயலியில் இருக்கிறது. சர்வரில் சோதித்தபோது கேமரா வந்தது, கைப்பேசியில் வரவில்லை.

பாதுகாப்பான இணைப்பு என்று பிரவுசர் ஒப்புக்கொண்டால்தான் பக்கத்துக்குக் கேமரா கிடைக்கும். லோக்கல்ஹோஸ்ட்டுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அதனால்தான் சர்வரில் வந்தது. 192.168.1.50 சாதாரண எச்டிடிபியில் திறந்தால் கேமரா கேட்கும் வாய்ப்பே பக்கத்துக்கு இருக்காது, அனுமதிப் பெட்டிகூட வராது. ஆக எச்டிடிபிஎஸ் வேண்டும்.

இரண்டு வழிகள். 'எம்கேசெர்ட்' போன்ற கருவியால் உங்களுக்கென்று ஒரு சான்றளிப்பு மூலத்தை உருவாக்கி, அதை ஒவ்வொரு கருவியிலும் நிறுவலாம். ஐபோனில் நிறுவினால் மட்டும் போதாது, 'அறிமுகம்' பக்கத்தின் அடியில் அந்தச் சான்றிதழுக்கு முழு நம்பிக்கையை இயக்க வேண்டும். மூலத்தின் ரகசியச் சாவி யார் கையில் கிடைத்தாலும் அந்தக் கருவிகளை ஏமாற்ற முடியும் என்பதால் அதைப் பத்திரப்படுத்துங்கள்.

நான் பரிந்துரைப்பது இரண்டாவது வழி. உங்களிடம் விலைக்கு வாங்கிய டொமைன் ஒன்று இருந்தால், அதில் ஒரு துணைப்பெயரை 192.168.1.50-க்குக் காட்டும்படி பதிந்து, இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்டிலிருந்து டிஎன்எஸ் சரிபார்ப்பு முறையில் சான்றிதழ் பெறலாம். இதற்கு சர்வர் வெளியே தெரிய வேண்டியதில்லை. கைப்பேசிகளில் எதையும் நிறுவவும் வேண்டாம். கோரிக்கைகளை முதலில் வாங்கிச் செயலிக்கு அனுப்பும் கேடி அல்லது டிரேஃபிக் கன்டெய்னர் ஒன்றை முன்னால் வைத்தால் புதுப்பிக்கும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். சில ரவுட்டர்கள், வெளிப்பெயர் ஒன்று உள்முகவரியைக் காட்டினால் தாக்குதல் என்று கருதித் தடுக்கும். அந்தப் பெயருக்கு மட்டும் விலக்கு கொடுக்க வேண்டியிருக்கும்.

உபுண்டுவின் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் 8080-ஐ அடைத்துவிட்டேன். ஆனாலும் எல்லா அறைகளிலும் திறக்கிறதே?

ஃபயர்வால் பழுதாகவில்லை. கன்டெய்னரின் போர்ட்டைத் திறக்கும்போது டாக்கர் தன் விதிகளை லினக்ஸின் பாக்கெட் பாதையில் தானே எழுதுகிறது. வரும் பாக்கெட் சர்வருக்கானது என்ற வழியில் போகாமல், கன்டெய்னருக்குக் கடத்தப்படுவது என்ற வழியில் போகிறது. யுஎஃப்டபிள்யூவின் அடைப்பு இருப்பது முதல் வழியில். தரவுத்தளத்துக்குப் போர்ட்ஸ் வரி வேண்டாம் என்று மேலே அழுத்திச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

வெளியே தெரியக் கூடாத சர்வீஸுக்கு 127.0.0.1:8080:80 என்று எழுதுங்கள். குறிப்பிட்ட அறைகளுக்கு மட்டும் என்று வரம்பு வைக்க வேண்டுமானால் 'டாக்கர் யூசர்' என்ற விதிச் சங்கிலியில் எழுத வேண்டும்.

டாக்கர் நிறுவியதிலிருந்து எங்கள் இன்னொரு கிளையின் கம்ப்யூட்டர்களை சர்வரால் பார்க்க முடியவில்லை. இரண்டுக்கும் என்ன தொடர்பு?

அந்தக் கிளையின் முகவரிகள் 172.17 அல்லது 172.18 என்று தொடங்குகின்றனவா? அப்படியென்றால் காரணம் கிடைத்துவிட்டது. டாக்கர் தன் உள் நெட்வொர்க்குகளுக்கு 172.17-இலிருந்து தொடங்கி எடுத்துக்கொள்கிறது. அந்த எண்ணுக்குப் போகும் எல்லாவற்றையும் சர்வர் தன் கன்டெய்னர்களுக்கென்று நினைத்து உள்ளேயே திருப்பிவிடும். மற்றக் கம்ப்யூட்டர்களிலிருந்து கிளை ஒழுங்காகத் தெரிவதால், காரணத்தைத் தேடி நாள்கள் வீணாகும்.

டாக்கர் எஞ்சினுக்கான 'டீமன்' அமைப்புக் கோப்பில் முகவரித் தொகுப்பை நீங்கள் பயன்படுத்தாத ஒரு வரம்புக்கு மாற்றுங்கள். அதே கோப்பில் 'பிப்' என்ற அமைப்பையும் மாற்றுங்கள், டாக்கர் இயல்பாக வைத்திருக்கும் முதல் நெட்வொர்க்கும் நகரும். பிறகு டாக்கரை மறுதொடக்கம் செய்து, கம்போஸ் டவுன், அப் கொடுத்து நெட்வொர்க்கைப் புதிதாக உருவாக்குங்கள். 'வி' எழுத்து வேண்டாம் என்று மறுபடி சொல்லத் தேவையில்லை.

டிஸ்க் நிறைந்துவிட்டது. நூலகத் தரவு அவ்வளவு இல்லையே?

பதிவேடுகளாக இருக்கும். கன்டெய்னர் திரையில் எழுதும் ஒவ்வொரு வரியையும் டாக்கர் ஒரு கோப்பில் சேர்த்துக்கொண்டே போகிறது; இயல்பான அமைப்பில் அதற்கு மேல்வரம்பு கிடையாது. கம்போஸ் கோப்பில் ஒரு கோப்புக்கு 10 எம்பி, மொத்தம் 3 கோப்பு என்று வரம்பு எழுதுங்கள். டீமன் கோப்பிலும் எழுதலாம், ஆனால் புதிதாக உருவாகும் கன்டெய்னர்களுக்குத்தான் அது பொருந்தும்.

மற்றொரு காரணம் பழைய இமேஜ்கள். 'டாக்கர் இமேஜ் ப்ரூன்' கட்டளையின் முடிவில் சிறுகோடும் 'ஏ' எழுத்தும் சேர்த்தால், எந்தக் கன்டெய்னரும் பயன்படுத்தாத இமேஜ்களைத் துடைக்கும். 'சிஸ்டம் ப்ரூன்' நிறுத்தி வைத்த கன்டெய்னர்களையும் சேர்த்து அழிக்கும். செயலி ஓடாமல் இருக்கும் நேரத்தில் அதைக் கையில் எடுக்காதீர்கள்.

நூல் கடன் கொடுத்த நேரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டுகிறது.

கன்டெய்னர் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நேர மண்டல மாறியில் ஆசியா/கொல்கத்தா என்று கொடுங்கள். இலங்கையில் ஆசியா/கொழும்பு, இரண்டுக்கும் அதே ஐந்தரைதான். கொடுத்தும் மாறாவிட்டால், சிறிய இமேஜ்களில் நேர மண்டலக் கோப்புகளே இருக்காது; அவற்றைச் சேர்க்க வேண்டும். தரவுத்தளத்தில் பொது நேரத்தில் சேமித்து, காட்டும்போது மாற்றுவது சரியான முறை, ஆனால் அது செயலியை எழுதியவரின் கையில் இருக்கிறது.

தலைமை நூலகர் வீட்டிலிருந்து பார்க்க வேண்டும் என்கிறார். ரவுட்டரில் போர்ட் திறந்துவிடலாமா?

வேண்டாம். திறந்த சற்று நேரத்திலேயே உலகெங்கும் உள்ள தானியங்கி நிரல்கள் கதவைத் தட்டத் தொடங்கும். அலுவலகத்துக்குள் மட்டும் என்று நினைத்து எளிய கடவுச்சொற்களோடு அமைத்த செயலி அதைத் தாங்காது. பல இடங்களில் திறந்தாலும் பயன் இருக்காது, ஏனென்றால் இணைப்பு நிறுவனம் ஒரே வெளி முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கும். ரவுட்டரில் தெரியும் வெளி முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் நீங்களும் அந்தப் பட்டியலில்தான்.

அவருடைய லேப்டாப்பிலும் சர்வரிலும் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் (இன்டர்நெட் வழியே தனிப் பாதை அமைக்கும் நிரல்) நிறுவுங்கள். பகிர்ந்த முகவரிக்குப் பின்னாலும் அது வேலை செய்யும். நிலையான வெளி முகவரி இருந்தால் வயர்கார்டு என்ற விபிஎன்னை நேரடியாக அமைக்கலாம்.

இவ்வளவும் செய்வதற்குக் குபர்நெட்டிஸே போட்டுவிடலாமே?

குபர்நெட்டிஸ் பல சர்வர்களில் நிறையக் கன்டெய்னர்களை ஓட்டுவதற்கானது. ஒரே சர்வரில், இரண்டு கன்டெய்னருக்கு? அந்த நேரத்தில் பேக்கப்பை ஒருமுறை மீட்டெடுத்துப் பாருங்கள்.